ஒரு எழுத்தை மாற்ற யாருக்கு உரிமை? காரைக்கால் பதிவேடும் டேட்டாபேஸ் பெர்மிஷனும்

பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் ‘செல்வி’ என்பதற்குப் பதில் ‘செல்லி’ என்று விழுந்துவிட்டது. ஒரே ஓர் எழுத்து. கம்ப்யூட்டரில் திருத்த எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம். ஆனால் காரைக்கால் நகராட்சிக்குப் போனாலும் சரி, திருநள்ளாறு கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போனாலும் சரி, அந்த வேலை அரை நிமிடத்தில் முடியாது. விண்ணப்பம், ஆதாரம், அதிகாரி கையெழுத்து என வரிசையாக வரும். ‘ஒரு எழுத்த மாத்த இவ்ளோ அலைச்சலா?’ என்று எரிச்சல் வருவது நியாயம்தான்.

அந்த அலைச்சலில் ஒரு பங்கு அலுவலக மந்தமாக இருக்கலாம். இன்னொரு பங்கு, சட்டமே வேண்டுமென்று போட்டு வைத்திருக்கும் தடுப்பு. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் இதே தடுப்பை வேறு பெயரில் தினமும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்: ‘புரொடக்‌ஷன் டேட்டாபேஸுக்கு ரைட் பெர்மிஷன் கிடையாது’.

இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்கள். ஏற்கெனவே பதிவான ஒரு தகவலை மாற்ற யாருக்கு உரிமை? மாற்றினால் பழையது என்ன ஆகும்?

ஓரத்தில் எழுது

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் 15-ஆவது பிரிவு இதற்கு அழகான விடை வைத்திருக்கிறது. பதிவு தவறானது என்றோ மோசடியாகச் செய்யப்பட்டது என்றோ பதிவாளருக்குத் திருப்தி ஏற்படும்படி நிரூபித்தால், அவர் அதைத் திருத்தலாம் அல்லது ரத்து செய்யலாம். ஆனால் மூலப் பதிவில் கை வைக்கக் கூடாது. பக்கத்தின் ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட வேண்டும்.

அதாவது ‘செல்லி’ அப்படியே இருக்கும். பக்கத்தில் ‘செல்வி’ வரும். யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்பதும் அங்கேயே இருக்கும். வெள்ளை மை தடவி மறைக்கும் பேச்சே இல்லை.

காரைக்காலுக்கு இந்த ‘ஓரத்தில் எழுதும்’ பழக்கம் 1969-இல் வந்தது அல்ல. 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் இது. இடையில் சில முறை ஆங்கிலேயர் வசம் போய்த் திரும்பியது. 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. பிரெஞ்சு ஆட்சிக்காலப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளுக்கு ‘எத்தா சிவில்’ என்று பெயர். அதன் விதிகளைப் படித்தால், ஏதோ ஒரு சீனியர் டேட்டாபேஸ் அட்மின் உட்கார்ந்து எழுதியது போல இருக்கும்.

1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டம் என்ன சொன்னது? பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்கூட்டியே எண் போட்டு, நீதிமன்றத் தலைவர் சுருக்கொப்பம் இட வேண்டும். நடுவில் ஒரு தாளைக் கிழித்தாலோ செருகினாலோ தெரிந்துவிடும். பதிவுகளை இடைவெளி விடாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். பிறகு யாரும் நடுவில் ஒரு வரி நுழைக்க முடியாது. அடித்தல் திருத்தல் இருந்தால் அதற்கும் தனியாகக் கையெழுத்து. சுருக்கெழுத்து கூடாது. தேதியை எண்ணில் எழுதக் கூடாது, எழுத்தில்தான் எழுத வேண்டும். ஏனென்றால் 1-ஐ 7 ஆக்குவது சுலபம்.

இதில் முக்கியமானது இன்னொன்று. பதிவேடு இரட்டைப் பிரதி. ஆண்டு முடிந்ததும் ஒன்று ஊர் ஆவணத்தில் இருக்கும். இன்னொன்று நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய்விடும். காலனிகளுக்குக் கூடுதலாக மூன்றாவது பிரதியும் உண்டு. 1776-இல் வந்த அரசாணைப்படி அது கப்பலேறி பிரான்ஸுக்குப் போனது. அந்த வரிசைப் பதிவேடுகள் இன்று ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ‘காரிக்கல்’ பக்கங்களை ஸ்கேன் செய்து இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். தாத்தாவின் தாத்தா பெயரைத் தேடுபவர்கள் மொபைலிலேயே புரட்டலாம்.

பதிவேட்டை எழுதும் அதிகாரி, தானே அதைத் திருத்திவிடவும் முடியாது. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பு பழைய பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். எழுதுபவர் ஒருவர், மாற்ற அனுமதிப்பவர் வேறொருவர். இந்தப் பிரிவினைதான் இந்தக் கட்டுரையின் மையம்.

நான்கு வினைச்சொற்கள்

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம்.

ரிலேஷனல் டேட்டாபேஸ் என்பதை எக்செல் ஷீட்டுகளின் கூட்டம் போல நினைத்துக்கொள்ளலாம். ‘பிறப்பு’ என்று ஒரு டேபிள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரிசை. பெயர், பிறந்த தேதி, தாய் பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவை நெடுவரிசைகள். வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டு, காலேஜ் மார்க், ரயில் டிக்கெட் எல்லாமே இப்படியான டேபிள்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அந்த டேபிளில் செய்யக்கூடியவை நான்கே நான்கு. செலக்ட் என்றால் பார்ப்பது. இன்சர்ட் என்றால் புதிய வரிசை சேர்ப்பது. அப்டேட் என்றால் இருப்பதை மாற்றுவது. டிலீட் என்றால் அழிப்பது. எஸ்க்யூஎல் படித்த எல்லாருக்கும் இது முதல் வாரப் பாடம். காரைக்கால் திருவேட்டக்குடியில் இருக்கும் என்.ஐ.டி. புதுச்சேரி மாணவர்களைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

பாடப் புத்தகத்தில் வேகமாகத் தாண்டிப்போகும் விஷயம், இந்த நான்கும் நான்கு தனித்தனி அதிகாரங்கள் என்பது. ஒன்று இருந்தால் மற்றது தானாக வராது. பேச்சுவழக்கில் ‘அக்செஸ் கொடுத்தாச்சு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். டேட்டாபேஸ் அப்படி முடிப்பதில்லை. ‘எந்த அக்செஸ்? எந்த டேபிளில்? எந்த நெடுவரிசையில்? அந்த அக்செஸை அவர் இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?’ என்று அது கேட்கும்.

இந்தக் கேள்விகளுக்கு வடிவம் கொடுத்தது 1976-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை. ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற யோசனையே 1970-இல் ஐபிஎம்-மில் எட்கர் காட் முன்வைத்ததுதான். அதே ஐபிஎம்-மின் சான் ஹோசே ஆய்வகத்தில் ‘சிஸ்டம் ஆர்’ என்ற சோதனை டேட்டாபேஸை உருவாக்கினார்கள். அதற்கான அனுமதி முறையை பாட்ரிசியா கிரிஃபித்ஸ், பிராட்ஃபோர்டு வேட் இருவரும் எழுதினார்கள். இன்று எந்த டேட்டாபேஸிலும் அடிக்கும் ‘கிராண்ட்’, ‘ரிவோக்’ என்ற இரண்டு கட்டளைகளுக்கு அதுதான் அடித்தளம்.

கிராண்ட் என்றால் கொடு. ரிவோக் என்றால் பிடுங்கு. ‘பிறப்பு டேபிளில் செலக்ட் அனுமதியைக் கவுன்ட்டர் ஊழியருக்கு கிராண்ட் செய்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். அவர் பார்க்கலாம், பிரின்ட் எடுக்கலாம். மாற்ற முயன்றால் ‘பெர்மிஷன் டினைடு’ என்று முகத்தில் அடிக்கும்.

கொடுக்கும்போது ‘வித் கிராண்ட் ஆப்ஷன்’ என்று ஒரு வாலைச் சேர்த்தால், வாங்கியவர் அதை இன்னொருவருக்கும் கொடுக்கலாம். கொஞ்சம் ஆபத்தான வால். முதல் ஆளிடமிருந்து பிடுங்கும்போது, அவர் வழியாக வாங்கிய மற்றவர்கள் கதி என்ன? அவர்களுடையதும் சேர்ந்து போக வேண்டும் என்பது 1976 கட்டுரையின் நிலைப்பாடு. போஸ்ட்கிரெஸில் ‘கேஸ்கேட்’ என்று தெளிவாகச் சொன்னால் சங்கிலி முழுக்கப் போகும். சொல்லாவிட்டால் எரர் காட்டி நிற்கும். மைஎஸ்க்யூஎல்லிலோ சங்கிலி தானாக அறுவதில்லை. வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை எடுத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பீர்கள். அவர் கொடுத்த அனுமதி எங்கோ உயிரோடு இருக்கும்.

பிறப்பு டேபிளுக்கு யார் யாருக்கு என்ன கொடுக்கலாம்?

ஒரு கற்பனை வடிவமைப்பாக இதைப் போட்டுப் பார்ப்போம். விதிகள் உண்மையானவை, டேபிள் மட்டும் நம்முடையது.

குழந்தை பிறந்தது என்ற தகவலைச் சொல்ல வேண்டியவர் மருத்துவமனைப் பொறுப்பாளர். வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர். இவர்கள் தகவல் தருபவர்கள், பதிவாளர்கள் அல்ல. ஆக, இவர்களுக்குப் ‘பிறப்பு’ டேபிளில் எதுவும் வேண்டாம். ‘வந்த தகவல்’ என்று ஒரு தனி டேபிளில் இன்சர்ட் மட்டும் போதும். பதிவாளர் அதைப் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே அது ‘பிறப்பு’க்குள் போகும். வங்கிக்காரர்கள் இதை ‘மேக்கர்–செக்கர்’ என்பார்கள். போடுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர்.

புதிய வரிசை சேர்ப்பதிலும் படிகள் உண்டு. 21 நாளுக்குள் சொன்னால் பதிவாளரே போதும். 30 நாள் வரை தாமதக் கட்டணத்துடன் பதியலாம். அதைத் தாண்டி ஓராண்டுக்குள் என்றால் மாவட்டப் பதிவாளர் போன்ற மேல் அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். ஓராண்டும் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு. ஒரே இன்சர்ட்தான், நாள் ஆக ஆக அதிகாரம் மேலே போகிறது. பத்து வருடத்துக்கு முந்தைய பிறப்பை இன்று புதிதாகச் சேர்ப்பது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது சுவாரசியமான இடம். நம் ஊரில் குழந்தை பிறந்த அன்றே பெயர் வைப்பதில்லை. நட்சத்திரம் பார்க்க வேண்டும், தாத்தா பாட்டியிடம் கேட்க வேண்டும், நியூமராலஜி வேறு. அதனால் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டு வரை கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். டேட்டாபேஸ் மொழியில் அந்தப் பெயர்க் கட்டம் ‘நல்’, அதாவது காலி. காலிக் கட்டத்தை நிரப்புவது பார்க்க ‘சேர்த்தல்’ போல இருந்தாலும், உள்ளே அது அப்டேட்தான். வரிசை ஏற்கெனவே இருக்கிறதே.

அப்படியானால் பெயர் சேர்க்கும் ஊழியருக்கு முழு டேபிளிலும் அப்டேட் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் அவர் பிறந்த தேதியையும் மாற்றலாம். பள்ளிச் சேர்க்கை, வயது வரம்பு, ஓய்வூதியம் என்று எத்தனை விஷயங்கள் அந்த ஒரு தேதியில் தொங்குகின்றன! நல்லவேளையாக, ‘பெயர்’ நெடுவரிசைக்கு மட்டும் அப்டேட் கொடுக்கும் வசதி ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் எல்லாவற்றிலும் இருக்கிறது. பலரும் பயன்படுத்துவதில்லை, அது வேறு கதை.

இங்கே ஒரு பொறி உண்டு. முதலில் டேபிள் முழுவதற்கும் அப்டேட் கொடுத்துவிட்டு, பிறகு ‘பிறந்த தேதி’க்கு மட்டும் ரிவோக் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். போஸ்ட்கிரெஸ் அந்த ரிவோக்கை ஏற்றுக்கொள்ளும், ஆனால் பலன் இருக்காது. டேபிளுக்குக் கொடுத்தது அப்படியே நிற்கும். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ‘சமையலறைக்குள் மட்டும் போகாதே’ என்று சொன்ன மாதிரிதான். முழுவதையும் பிடுங்கி, வேண்டிய நெடுவரிசையை மட்டும் திரும்பக் கொடுக்க வேண்டும்.

சரி, பெயர் நெடுவரிசைக்கு மட்டும் கொடுத்தாகிவிட்டது. இப்போதும் ஓட்டை அடையவில்லை. காலியாக இருக்கும் பெயரை நிரப்ப முடிகிற அதே ஊழியரால், ஏற்கெனவே இருக்கும் பெயரையும் மாற்ற முடியும். கிராண்ட் கட்டளைக்கு ‘யார்’ தெரியும், ‘எந்தக் கட்டம்’ தெரியும். ‘எந்த நிலையில்’ என்பது தெரியாது. அதற்கு இன்னொரு அடுக்கு வேண்டும். போஸ்ட்கிரெஸில் 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பிலிருந்து வரிசை வாரியாக விதி போடலாம். ‘பெயர் காலியாக உள்ள வரிசையை மட்டும் மாற்றலாம்’ என்று ஒரு விதி. ‘நிரவி ஊழியருக்கு நிரவி வரிசைகள் மட்டும், கோட்டுச்சேரி வரிசைகள் கூடாது’ என்று இன்னொரு விதி. இல்லையென்றால் டேபிளில் நேரடி அனுமதி எதுவுமே தராமல், ‘பெயர் சேர்’ என்ற ஒரு சிறிய புரோகிராமை இயக்கும் அனுமதி மட்டும் கொடுக்கலாம். ஸ்டோர்டு புரொசீஜர் என்பது அதுதான். கதவுக்குப் பதில் ஒரு ஜன்னல். அதற்குள் கை மட்டும்தான் போகும்.

பார்க்கும் அனுமதியிலும் இதே நுணுக்கம் வரும். இறப்புப் பதிவேட்டில் மரணத்துக்கான காரணம் பதிவாகும். பொதுவாகக் கொடுக்கப்படும் இறப்புச் சான்றிதழில் அது வராது. ஒரு நெடுவரிசையை மட்டும் மறைத்துக்கொண்டு மற்றதைக் காட்டும் இந்த ஏற்பாட்டைச் சட்டம் 1969-லேயே யோசித்திருக்கிறது.

டிலீட்? யாருக்கும் வேண்டாம். சட்டப்படியும் அழித்தல் கிடையாது. ரத்து என்றாலும் ஓரத்தில் எழுதுவதுதான்.

காகிதத்தில் எல்லாம் சரி. பாஸ்வேர்டு யார் கையில்?

இவ்வளவு அழகாக அனுமதிகளைப் பிரித்து வைத்தாலும், ஒரே ஒரு பழக்கம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். ‘சார் லாகினைப் போட்டு நீயே முடிச்சுடு’ என்ற பழக்கம்.

தமிழ்நாடு இதற்குப் பெரிய விலை கொடுத்தது 2020-இல். பிஎம் கிசான் திட்டத்தில் தகுதியுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்குக்கே வரும். கொரோனா காலத்தில் பயனாளிகள் எண்ணிக்கை திடீரென எகிறியது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பகுதிகளில் நிலமே இல்லாதவர்கள் பெயரெல்லாம் பட்டியலில் இருந்தது தெரியவந்தது. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, சரிபார்க்கப்பட்ட 5.95 லட்சம் கணக்குகளில் 5.38 லட்சம் தகுதியற்றவை. முறைகேடாக எடுக்கப்பட்ட தொகை 110 கோடி ரூபாய்க்கு மேல் என்று மாநில அரசு சொன்னது. சிபிசிஐடி விசாரணை, கைதுகள், ஒப்பந்த ஊழியர்கள் பணிநீக்கம் என்று அது நீண்டது.

யாரும் சர்வரை உடைத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. வேளாண் துறை அதிகாரிகளுக்குக் கொடுத்திருந்த லாகின் விவரங்கள் கைமாறியிருந்தன. ஒப்பந்த ஊழியர்களும் இடைத்தரகர்களும் அந்த லாகினிலேயே பெயர்களைச் சேர்த்தார்கள். டேட்டாபேஸைப் பொறுத்தவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அதிகாரி உள்ளே வந்தார், சேர்த்தார், ஒப்புதல் கொடுத்தார். மேக்கரும் செக்கரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அதற்கு எப்படித் தெரியும்?

பிறப்புப் பதிவிலேயே இது நடந்திருக்கிறது. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டம் சலோன் பகுதியில் ஆயிரக்கணக்கான போலிப் பிறப்புச் சான்றிதழ்கள் பிடிபட்டன. கிராம வளர்ச்சி அதிகாரி ஒருவரின் ஐடியும் பாஸ்வேர்டும் பொதுச் சேவை மையம் நடத்தியவரின் கையில் இருந்தது என்பதே புகார். 2025-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் ஒரு கிராமத்தின் கணக்கில், சில மாதங்களுக்குள் 27,000-க்கும் மேற்பட்ட பிறப்புப் பதிவுகள் ஏறியிருந்தன. அந்தக் கிராமத்தில் அத்தனை தொட்டில்களுக்கு இடமே இருக்காது.

இந்த எண்களைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். அனுமதி இருப்பவர் எவ்வளவு வேகமாக, எவ்வளவு எண்ணிக்கையில் செய்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு சிறிய ஊராட்சியின் லாகின் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் இன்சர்ட் போட்டால், அன்று மாலையே யாருக்காவது மெசேஜ் போயிருக்க வேண்டாமா?

கர்நாடகம் 2001-இல் ‘பூமி’ என்ற நிலப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த ஆபத்தை முன்பே யோசித்தது. ஊழியர்களுக்குப் பாஸ்வேர்டு மட்டும் போதாது, கைரேகையும் வைத்தால்தான் உள்ளே போக முடியும் என்று வைத்தார்கள். பாஸ்வேர்டைக் கடன் கொடுக்கலாம், விரலைக் கடன் கொடுப்பது கொஞ்சம் கஷ்டம். ‘நான் இல்லை, யாரோ என் பெயரில் செய்துவிட்டார்கள்’ என்று பின்னால் சொல்லவும் வழியில்லை.

டேட்டாபேஸுக்குத் தெரிந்த ஒரே ஆள்

டெவலப்பர்கள் பலருக்கும் சங்கடமான ஓர் உண்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெரும்பாலான இணையதளங்களில், ஆயிரம் பேர் ஆயிரம் ஐடியில் லாகின் செய்தாலும், பின்னால் இருக்கும் டேட்டாபேஸுக்குத் தெரிவது ஒரே ஒரு யூசர்தான். அது ‘ஆப் யூசர்’. யார் கிளார்க், யார் பதிவாளர் என்று பார்ப்பதெல்லாம் இணையதளத்தின் கோடு மட்டுமே. அந்த ஆப் யூசருக்கோ அவசரத்தில் எல்லா அனுமதியும் கொடுத்திருப்பார்கள். ‘முதல்ல வேலை செய்யட்டும், அப்புறம் குறைச்சுக்கலாம்’ என்று. அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை.

விளைவு? கோடில் ஓர் ஓட்டை இருந்து, எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் மூலம் ஒருவர் தன் கட்டளையை உள்ளே நுழைத்துவிட்டால், அவர் கையில் டேபிளையே தூக்கி எறியும் அதிகாரம் இருக்கும். ஆப் யூசருக்கு வேண்டிய டேபிளில் வேண்டிய செயலுக்கு மட்டும் அனுமதி இருந்தால், அதே ஓட்டையின் சேதம் சிறியதாக இருக்கும். பிரிண்ட் எடுக்கும் பக்கத்துக்கு ஒரு யூசர், பதிவு செய்யும் பக்கத்துக்கு வேறொரு யூசர் என்று பிரிப்பது பெரிய வேலை இல்லை.

2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஐ ஏஜென்ட் செய்த காரியம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும், ஒரு பயனரின் நேரடிப் பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸை அது அழித்துவிட்டது. நிறுவனத்தின் சிஇஓ மன்னிப்புக் கேட்டு, சோதனை டேட்டாபேஸையும் உண்மையான டேட்டாபேஸையும் தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். ஏஐ ஏன் அப்படிச் செய்தது என்று பக்கம் பக்கமாக விவாதம் நடந்தது. அதைவிடச் சிறிய கேள்வி ஒன்று உண்டு: அதற்கு அழிக்கும் அனுமதி எப்படி இருந்தது? ‘அழிக்காதே’ என்று சொல்வது வேண்டுகோள். டிலீட் அனுமதியே கொடுக்காமல் இருப்பதுதான் தடை.

ஓரக் குறிப்பை எங்கே வைப்பது?

அப்டேட் என்ற கட்டளையின் இயல்பே பழையதை மறைத்துவிடுவது. ‘செல்லி’ போய் ‘செல்வி’ வந்தால், முன்பு என்ன இருந்தது என்பது டேபிளில் தெரியாது. 15-ஆவது பிரிவு கேட்கும் ஓரக் குறிப்பு டேட்டாபேஸில் தானாக வராது. நாம்தான் கட்ட வேண்டும்.

வழக்கமான வழி, ‘மாற்றங்கள்’ என்று ஒரு தனி டேபிள். பிறப்பு டேபிளில் யார் எதை மாற்றினாலும், ட்ரிகர் என்ற தானியங்கி ஏற்பாடு பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், நேரம் நான்கையும் அதில் எழுதிவிடும். அந்த டேபிளில் இன்சர்ட் மட்டும்தான் நடக்க வேண்டும். அப்டேட்டும் டிலீட்டும் எந்த ஊழியருக்கும், ஆப் யூசருக்கும் கிடையாது. ஓரக் குறிப்பையே திருத்த முடிந்தால் அது ஓரக் குறிப்பு இல்லையே.

மிச்சம் இருப்பவர் அட்மின். சூப்பர் யூசருக்கு இந்த கிராண்ட், ரிவோக் எதுவும் பொருந்தாது. எல்லாப் பூட்டுக்கும் அவரிடம் சாவி உண்டு. அவரை என்ன செய்வது? லாகை அவர் கைக்கு எட்டாத இன்னொரு கம்ப்யூட்டருக்கு, இன்னொரு துறையின் பொறுப்பில் உள்ள இடத்துக்கு, உடனுக்குடன் அனுப்பிவிடுவதே இன்று பரவலாகச் சொல்லப்படும் தீர்வு. காரைக்கால் பதிவேட்டின் இரண்டாம் பிரதி ஆண்டு முடிவில் நீதிமன்றத்துக்குப் போனதும், மூன்றாவது கப்பலேறியதும் நினைவுக்கு வரலாம். ஊர் அதிகாரி தன் பிரதியில் ஏதாவது செய்தாலும் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை பார்க்கும் இடத்தில் இதையெல்லாம் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் யாருக்கு என்ன அனுமதி என்று கேட்டுப் பார்க்க ஒரு கட்டளை போதும். மைஎஸ்க்யூஎல்லில் ஒவ்வொரு யூசர் பெயரையும் சேர்த்து ‘ஷோ கிராண்ட்ஸ் ஃபார்’ என்று அடித்தால், அவருடைய அனுமதிகள் வந்துவிடும்; பெயர் சேர்க்காவிட்டால் உங்களுடையது மட்டும்தான் வரும். அந்தப் பட்டியல்களில் ‘ஆல் பிரிவிலேஜஸ்’ என்று எத்தனை பேர் பெயருக்கு நேரே இருக்கிறது, அதில் எத்தனை பேர் இன்னும் அந்த கம்பெனியில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆளுக்கு ஆள் கொடுப்பதற்குப் பதில் ‘கவுன்ட்டர்’, ‘பதிவாளர்’ என்று ரோல்கள் உருவாக்கி அவற்றுக்கு அனுமதி கொடுத்தால், ஒருவர் டிரான்ஸ்ஃபர் ஆகும்போது ரோலை மட்டும் கழற்றினால் போதும். மைஎஸ்க்யூஎல்லில் இந்த வசதி 2018-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முன் தொடங்கிய சிஸ்டம்களில் பழைய தனிநபர் அனுமதிகள் தூசி படிந்து கிடக்க வாய்ப்பு அதிகம்.

இனி ஒரு திருத்தம் ஒரு திருத்தமாக நிற்காது

1969 சட்டத்தில் 2023-இல் கொண்டுவந்த திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழே ஆவணம். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் அதுதான். தேசிய அளவில் பிறப்பு, இறப்பு டேட்டாபேஸ் ஒன்றைப் பராமரிக்கவும், உரிய அனுமதியுடன் வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு போன்ற மற்ற டேட்டாபேஸ்களுடன் அதைப் பகிரவும் அந்தத் திருத்தம் வழி செய்கிறது.

முன்பெல்லாம் ஒரு கொம்யூன் பஞ்சாயத்துப் பதிவேட்டில் நடந்த தவறு அந்தப் பதிவேட்டோடு நின்றது. இப்போது ஓர் ஊழியர் லாகினில் நடக்கும் ஓர் அப்டேட், பல டேட்டாபேஸ்களுக்கு நகலாகிப் போகலாம். மூலத்தில் திருத்தினால், ஏற்கெனவே போன நகல்களும் திருந்துமா என்பது ஒவ்வொரு சிஸ்டமும் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு இது புதிய தலைவலி இல்லை. 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் வாரிசுகள் அவர்கள். அவர்களின் குழந்தை இங்கே பிறந்தால் இந்தியச் சட்டப்படி இங்கே பதிவாகும். பிறகு புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகம் வழியாக பிரெஞ்சுப் பதிவேட்டிலும் ஏறும். அதன் நகலை பிரான்ஸின் நான்ட் நகரில், 1965 முதல் இயங்கும் மத்தியப் பதிவு அலுவலகத்திலிருந்து வாங்க வேண்டும். தமிழ்ப் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் வேறு மாதிரி. ‘உ’ ஓசைக்கு அங்கே இரண்டு எழுத்து, இங்கே ஒன்று. காரைக்கால் பதிவேட்டின் ஓரத்தில் ‘செல்வி’ என்று திருத்தி எழுதிய பிறகும், நான்ட் பதிவேட்டில் ‘செல்லி’ அப்படியே இருக்கும். அதை மாற்ற அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; இங்குள்ள பதிவாளருக்கு அந்தப் பக்கத்தில் எழுதும் அனுமதி கிடையாது.